ஒரு புள்ளிக்கு நான்கு தரம்: திருகோணமலைத் தொடக்க வகுப்பொன்றில் நிபந்தனையும் கிளையும் கற்பித்த நிகழ்வு

பின்னணி

திருகோணமலை நகரில் ஒரு பொது மண்டபத்தில் வார இறுதிகளில் இலவச நிரலாக்க வகுப்பு ஒன்று நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலானோர் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு உயர் தர வகுப்புத் தொடங்கும்வரை காத்திருந்த பிள்ளைகள். உவர்மலை, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தவர்களும், கிண்ணியா, மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இருந்தார்கள். கற்பித்தவர்கள் இருவர்: நானும், பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும். யாரையும் இனங்காட்டக்கூடிய விவரங்களை இதில் சேர்க்கவில்லை.

மொழியாகப் பைதனை எடுத்தோம். உயர் தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுப்பவர்கள் அதைத்தான் படிக்கப்போகிறார்கள். சாதாரண தரத்தில் பாடத்தை எடுத்திருந்தவர்களுக்குப் பாய்ச்சற் கோட்டுப்படம் தெரியும், பஸ்கால் மொழியும் தாளளவில் கொஞ்சம் தெரியும். சாய்சதுரம் கீறி, ஆம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம் என்று அம்புக்குறி போட்டுப் பழகியவர்கள். மற்றவர்களுக்கு எல்லாமே புதிது.

மடிக்கணினிகள் பழையவை, இருவருக்கு ஒன்று. அவற்றில் இருந்தது விண்டோஸ் 7. பைதன் 3.8 க்கு மேற்பட்ட பதிப்புகள் அதில் ஓடாது.

மாறிகள் (எண்ணையோ சொல்லையோ பெயர் வைத்துச் சேமிப்பவை), உள்ளீடு, கூட்டல் கழித்தல் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. நிபந்தனைக்கு வந்ததும் வகுப்பு நின்றுவிட்டது.

முதல் பயிற்சியில் கண்டது

பரீட்சைப் புள்ளியை வாங்கித் தரத்தைச் சொல்லும் நிரல். 75 இலிருந்து ஏ, 65 இலிருந்து பி, 50 இலிருந்து சி, 35 இலிருந்து எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என்பதால் இந்த எல்லைகளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு மேசையில் ஒரு மாணவியும் ஒரு மாணவனும் சேர்ந்து எழுதியது இது. கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்: இஃப் என்பது "இப்படியானால்", பிரின்ட் என்பது "திரையில் எழுது", எண்ணுக்கு முன் வரும் குறி "பெரியது அல்லது சமம்". மாறியின் பெயரை அவர்களே தமிழில்தான் வைத்திருந்தார்கள். பைதன் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

இஃப் புள்ளி >= 75: பிரின்ட்("ஏ")
இஃப் புள்ளி >= 65: பிரின்ட்("பி")
இஃப் புள்ளி >= 50: பிரின்ட்("சி")
இஃப் புள்ளி >= 35: பிரின்ட்("எஸ்")

82 கொடுத்தார்கள். திரையில் ஏ, பி, சி, எஸ் நான்கும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்தன. மாணவன் உடனே கையை உயர்த்தினான்: "சேர், நாங்க சரியாத்தான் எழுதினனாங்கள். கொம்பியூட்டர் எல்லாத்தையும் போடுது."

அவன் அதை மனப்பூர்வமாகவே சொன்னான். 82 எடுத்த ஒருவருக்கு ஏ மட்டும்தான் கிடைக்கும் என்பது அவனுக்கு அவ்வளவு தெளிவான விஷயம். அது நிரலில் எங்கேயும் எழுதப்படவில்லை என்பது அவன் கண்ணில் படவில்லை.

வேறொரு மேசையில் எலிஃப் என்ற சொல்லை (மேலே உள்ள கேள்விகளுக்கு இல்லை என்று வந்தால் மட்டும் கேட்கப்படும் அடுத்த இஃப்) ஏற்கெனவே அறிந்த ஒருவர் 35 இலிருந்து மேல்நோக்கி எழுதியிருந்தார். முதல் கேள்வி 35 க்கு மேலா என்பது. அதற்கு ஆம் என்று விடை வந்ததுமே மற்றவை விடுபட்டுப்போகும். ஆகவே 82 க்கும் எஸ், 95 க்கும் எஸ். இன்னும் சிலர் உள்ளீட்டை எண்ணாக மாற்ற மறந்து, எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்ற பிழைச் செய்தியில் நின்றார்கள். அது ஒருமுறை காட்டினால் தீர்ந்துவிடும் பிழை.

முதல் மேசைக்குத் திரும்பினால், அங்கே நடந்ததுதான் இந்த ஆய்வை எழுதவைத்தது. அந்த இருவரும் யாரிடமும் கேட்காமல் தாங்களே திருத்தினார்கள். 65 க்கு மேல் 75 க்குக் கீழ், 50 க்கு மேல் 65 க்குக் கீழ் என்று ஒவ்வொரு இஃபுக்கும் மேல் எல்லையும் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஓர் எல்ஸ் ("இல்லையென்றால்") வைத்து டபிள்யூ எழுதினார்கள். 40 கொடுத்தார்கள், எஸ் வந்தது. 20 கொடுத்தார்கள், டபிள்யூ வந்தது. முடிந்தது என்று கையைத் தட்டினார்கள்.

பின்மேசைப் பிள்ளை எட்டிப் பார்த்து 60 ஐத் தட்டினார். சி வந்தது. அதற்குக் கீழே டபிள்யூவும் வந்தது.

ஏன் இப்படி என்று ஆராய்ந்தது

ஆசிரியை அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, தாங்கள் எழுதிய நிரலை வாய்விட்டு வாசித்து விளக்கச் சொன்னார். விடை சரியா பிழையா என்று சொல்லவில்லை; கேட்டு எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அவருடைய குறிப்புகளைப் பார்த்தபோது மூன்று நம்பிக்கைகள் திரும்பத் திரும்ப வந்தன.

ஒன்று, கணினி நிரல் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துப் பொருத்தமான வரியைத் தெரிவுசெய்கிறது. இரண்டு, எல்ஸ் என்பது மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான "மிச்சம்". மூன்று, வரிகளின் உள்தள்ளல், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி, எழுத்தழகுக்காக. மூன்றாவதைச் சொன்னவர்கள் சிலர்தான், அவர்களும் பஸ்காலில் ஒரு கிளையின் தொடக்கத்துக்குப் பிகின், முடிவுக்கு எண்ட் போட்டுப் பழகியவர்கள். அங்கே இடைவெளி உண்மையிலேயே வாசிப்பு வசதிக்கு மட்டுந்தான்; பைதனில் எந்த வரி எந்தக் கிளைக்குள் என்பதையே அது சொல்கிறது.

முதல் நம்பிக்கை நமது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. ராய் பீ என்ற ஆய்வாளர் 1986 இல் எழுதிய கட்டுரையில், எந்த மொழியில் தொடங்கினாலும் தொடக்கநிலையினரிடம் வரும் பிழைகளை வகைப்படுத்தியிருக்கிறார். பல வரிகள் ஒரே நேரத்தில் இயங்குவதாக நினைப்பது, நிரலுக்கு ஒரு நோக்கம் இருப்பதாக நினைப்பது, தான் எழுதாமல் விட்டதையும் கணினி புரிந்துகொள்ளும் என்று நினைப்பது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, பெட்டிக்குள் நம்மைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் என்கிறார் அவர். "கொம்பியூட்டர் எல்லாத்தையும் போடுது" என்ற புகாரும் அங்கிருந்துதான் வருகிறது.

பிள்ளைகளின் தர்க்க அறிவில் குறை இருக்கவில்லை. 60 க்கு என்ன தரம் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வார்கள். விதி தெரியும், அந்த விதியை எழுதிய வரிகளின்மேல் இயந்திரம் எந்த வழியாக நடக்கிறது என்பது தெரியாது. இரண்டும் வேறு வேறு அறிவு. கிளைபிரிதலைக் கற்பிக்கும்போது இரண்டாவதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும் என்று இந்த நிகழ்வுக்குப் பிறகு நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் முடிவு: கணினியை மூடிவைத்தல்

எலிஃபை உடனே கற்பித்துவிடலாம் என்பது ஆசிரியையின் முதல் யோசனை. அது நியாயமான யோசனைதான். நேரம் குறைவு, எலிஃப் வந்தால் நிரலும் சரியாகிவிடும். ஆனால் சரியான விடை வந்தபின் யாரும் அந்த வழியைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நிரலை ஓட்டினால் திரையில் முடிவு மட்டும் தெரியும். நடந்த பாதை தெரியாது. இருவரும் பேசி, ஒரு வகுப்பு முழுவதும் மடிக்கணினிகளைத் திறக்காமல் நடத்துவதாகத் தீர்மானித்தோம்.

அந்த இருவர் எழுதிய பிழையான நிரலையே, அவர்களிடம் கேட்டு, வரிக்கு இலக்கமிட்டு அச்சடித்தோம். மேசைக்கு ஒரு தாள். ஒருவர் விரலை வைத்து வரிவரியாக நகர வேண்டும். மற்றவர் ஓர் அட்டவணையை நிரப்ப வேண்டும்: வரி இலக்கம், அங்கே கேட்கப்படும் கேள்வி, ஆம் அல்லது இல்லை, திரையில் எழுதப்படுவது. விரலை வைத்திருப்பவர் அடுத்த வரியை வாசிக்கக்கூடாது என்பது விதி.

முணுமுணுப்பு வந்தது. "கொம்பியூட்டர் வகுப்புக்கு வந்து பேப்பரிலயா எழுதுறது?" என்று ஒருவர் கேட்டார். அடுத்த வாரம் மடிக்கணினி திரும்பி வரும் என்று மட்டும் சொன்னோம்.

60 க்கு அந்த மாணவி விரல் வைத்தாள். 75 க்கு மேலா, இல்லை. 65 இலிருந்து 75 வரையா, இல்லை. 50 இலிருந்து 65 வரையா, ஆம். பக்கத்திலிருந்தவன் சி என்று எழுதினான். விரல் அங்கேயே நின்றது. "முடிஞ்சுதுதானே மிஸ்?" என்றாள். "முடிஞ்சது எண்டு எந்த வரி சொல்லுது பிள்ளை?" என்று ஆசிரியை கேட்டார். அவள் தாளைத் தேடினாள். அப்படி ஒரு வரி இல்லை. விரல் அடுத்த இஃபுக்கு இறங்கியது: 35 இலிருந்து 50 வரையா, இல்லை. பிறகு எல்ஸ். டபிள்யூ என்று எழுதப்போன நண்பனின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, விரலை எல்ஸிலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள இஃபுக்குத் திரும்பக் கொண்டுபோனாள். "அப்ப இந்த எல்ஸ் இந்த ஒரு இஃபுக்கு மட்டுந்தானா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அந்த வகுப்பே. நாங்கள் விடை சொல்லவில்லை. 40 க்கும் 20 க்கும் ஏன் சரியாக வந்தது என்று பார்க்கச் சொன்னோம். அந்த இரண்டு எண்ணும் கடைசி இஃபுக்கும் அதன் எல்ஸுக்கும் மட்டும் உரியவை என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

எலிஃபும் எல்லை எண்களும்

அடுத்த வாரம் மடிக்கணினிகளைத் திறந்தோம். நான்கு இஃப் உள்ள நிரலையும், ஓர் இஃபும் மூன்று எலிஃபும் உள்ள நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று தாளில் எழுதவைத்தோம். எலிஃப் நிரலில் விரல் ஓர் ஆம் சொன்னதும் கடைசிக்குத் தாவுகிறது என்பதை இப்போது விளக்க வேண்டியிருக்கவில்லை. நிலாவெளியிலிருந்து வரும் ஒருவர், "அநுராதபுர றோட்டில திரும்பின பஸ் நிலாவெளிக்கும் போகாதுதானே சேர்" என்றார். அதன்பிறகு வகுப்பில் எல்லாரும் அதையே சொல்லத் தொடங்கினார்கள்.

பிறகு எல்லை எண்கள். 74, 75, 34, 35, 0, 100, அதோடு -5, 105. எட்டு எண்ணுக்கும் எதிர்பார்க்கும் விடையை முதலில் எழுதிவிட்டுத்தான் நிரலைத் தொடலாம். 75 க்குப் பி வந்த மேசைகளில் பெரியது அல்லது சமம் என்பதற்குப் பதில் பெரியது மட்டும் இருந்தது. 105 க்கு எல்லா மேசையிலும் ஏ வந்தது. அது நிரலின் பிழையா, கொடுத்தவரின் பிழையா என்று நல்ல வாக்குவாதம். கடைசியில் 0 க்குக் கீழேயும் 100 க்கு மேலேயும் உள்ளதை முதல் கேள்வியாகவே பிடித்து நிறுத்த வேண்டும் என்று முடிவானது. ஏன் முதல் கேள்வியாக என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுக்க முடியவில்லை. தட்டச்சில் திணறியவர்களுக்கு நிரல் வரிகளை அட்டைத் துண்டுகளாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, சரியான வரிசையிலும் உள்தள்ளலிலும் அடுக்கச் சொன்னோம். இந்த முறையை நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பற்றீசியா ஹேடனும் 2006 இல் வெளியிட்டார்கள். எழுத்துப்பிழையோடு மல்லுக்கட்டாமல் வரிசையை மட்டும் யோசிக்க இது இடம் கொடுக்கிறது. பழைய பைதன் பதிப்பு இருந்த எங்களுக்கு அது இரட்டிப்பாக உதவியது. நிபந்தனையில், சமமா என்று கேட்கும் இரண்டு சமக்குறிக்குப் பதிலாக ஒன்றைப் போட்டால் 3.8 வெறுமனே தொடரமைப்புப் பிழை என்று சொல்லி நின்றுவிடும். இரண்டு சமக்குறி போட நினைத்தீர்களா என்று கேட்பது 3.10 இலிருந்துதான்.

கரண்ட் பில்

கிளைக்குள் கிளை வரும் இடத்துக்கு ஒவ்வொருவரையும் வீட்டு மின்பட்டியலைக் கொண்டுவரச் சொன்னோம். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தக் கட்டண விதியின் அமைப்பு. மாதம் 60 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு முதல் 30 க்கு ஒரு விலை, 31 இலிருந்து 60 வரை இன்னொரு விலை. 60 ஐத் தாண்டிய வீட்டுக்கு விதியே வேறு: முதல் 60 அலகும் ஒரே கட்டாகி அதற்கென்று வேறு விலை, பிறகு 61 இலிருந்து 90 வரை என்று தொடர்கிறது. நிலையான கட்டணமும் பாவிப்பைப் பொறுத்து மாறும். ஆகவே முதற் கேள்வி 60 க்குள்ளா வெளியேயா என்பதுதான். மற்றக் கேள்விகள் அந்த இரண்டு கிளைகளுக்கும் உள்ளேதான் வரும்.

முதலில் தமிழ் வாக்கியங்களாக விதியை எழுதச் சொன்னோம். ஏறக்குறைய எல்லாரும் 0 இலிருந்து 30, 31 இலிருந்து 60, 61 இலிருந்து 90 என்று ஒரே ஏணியாக எழுதினார்கள். 61 ஆவது அலகுக்கு மட்டும் விலை கூடும் என்பதுதான் எல்லா வீட்டிலும் உள்ள எண்ணம். 60 க்கும் 61 க்கும் கையால் கணக்குப் போடவைத்தோம். ஓர் அலகு கூடியதற்கு முழுப் பட்டியலும் மேலே தாவியது. ஒரு பிள்ளை கொஞ்ச நேரம் இரண்டு தொகையையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மீற்றர் பாக்க வாற கிழமை அம்மா ஏன் உடுப்புக்கு அயன் போட விடுறேல்லை எண்டு இப்பதான் விளங்குது" என்றாள்.

2022 ஓகஸ்ட்டிலிருந்து இந்தக் கட்டணங்கள் பல தடவை கூடியும் குறைந்தும் இருக்கின்றன. அதனால் விலைகளை நிபந்தனைகளுக்குள் எழுதாமல் நிரலின் தொடக்கத்தில் மாறிகளாக வைக்கச் சொன்னோம். பட்டியலில் உள்ள நாட்கணக்கை வகுப்பில் 30 என்றே வைத்துக்கொண்டோம். வரிக்கு முந்திய தொகையை மட்டும் ஒப்பிட்டோம். சோதனைக்கு 0, 30, 31, 60, 61, பிறகு அவரவர் வீட்டு அலகு. தொகை பொருந்தாத மேசைகளில் பெரும்பாலும் நிலையான கட்டணம் தனக்குரிய கிளைக்குள் போகாமல் வேறொரு கிளைக்குள் சிக்கியிருந்தது. உள்தள்ளலை அழகுக்கு என்று சொன்னவர்கள் அதை இங்கேதான் கைவிட்டார்கள்.

தீராமல் இருந்த ஒன்று

மின்பட்டியல் கணக்கை மீண்டும் செய்யவா என்று கேட்டு, ஓம் என்றாலும் ஆம் என்றாலும் தொடர வேண்டும் என்று ஒரு சிறு சேர்க்கை கொடுத்தோம். பாதிப் பேர் எழுதியது: இஃப் பதில் == "ஓம்" ஓர் "ஆம்". நடுவில் உள்ள ஓர் பைதனின் "அல்லது". பேச்சில் இது முழுச் சரி. பைதனுக்கு இது இரண்டு தனிக் கேள்விகள்: பதிலும் ஓம் என்பதும் சமமா, அல்லது "ஆம்" என்ற சொல் உண்மையா. வெறுமையில்லாத எந்தச் சொல்லையும் பைதன் உண்மையென்றே கொள்ளும். ஆகவே இல்லை என்று தட்டினாலும் தொடர்ந்தது, வேண்டாம் என்று தட்டினாலும் தொடர்ந்தது.

விரல் முறை இங்கே உதவவில்லை. பிழை ஒரே வரிக்குள் இருக்கிறது. ஓருக்கு இரு பக்கமும் முழுக் கேள்வி இருக்க வேண்டும் என்று காட்டி, வலப்பக்கத்தை மட்டும் தனியே எழுதி ஓட்டிப் பார்க்கவைத்தோம். சிலருக்கு விளங்கியது. சிலர் கடைசிவரை திரும்பத் திரும்ப எழுதினார்கள்.

விளைவு

இறுதியில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வேலை: நூலகப் புத்தகம் பிந்திய நாளுக்குத் தண்டப்பணம். விதி நாங்கள் உருவாக்கியது. பிந்தவில்லை என்றால் இல்லை, 7 நாள் வரை ஒரு தொகை, 14 நாள் வரை இன்னொன்று, அதற்குமேல் வேறொன்று. முதலில் தாளில் அட்டவணை, பிறகு கணினி.

பெரும்பாலானோர் தாளிலேயே சரியாக நடந்து முடித்தார்கள். முதல் மேசை மாணவி எலிஃபில் எழுதி, 7, 8, 14, 15 ஐத் தானாகவே சோதித்தாள். மாணவன் எலிஃபைத் தொடவே இல்லை. கீழ் எல்லையும் மேல் எல்லையும் போட்டுத் தனித்தனி இஃபாக, எல்ஸும் இல்லாமல் எழுதினான். எல்லா எண்ணுக்கும் விடை சரி.

இதை ஏற்பதா என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு. பரீட்சையில் எலிஃப் கேட்டால் என்ன செய்வான் என்பது ஆசிரியையின் கவலை. அந்த நிரல் சரி என்பதால் முழுப்புள்ளி என்பது என் நிலை. கடைசியில் முழுப்புள்ளி கொடுத்துவிட்டு, அவனிடம் 7 நாளை 10 நாளாக மாற்றச் சொன்னோம். முதல் இஃபில் 7 ஐ 10 ஆக்கினான். அடுத்த இஃப் 8 இலேயே தொடங்கிக்கொண்டிருந்தது. 9 நாள் பிந்தியவருக்கு இரண்டு தண்டம் வந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு யாரும் சொல்லாமல் மேல் எல்லைகளை மட்டும் வைத்து எலிஃபாக மாற்றினான். ஓர் எண்ணை ஓர் இடத்தில் மட்டும் எழுதுவதன் பயன் அவனுக்கு அப்படித்தான் பிடிபட்டது.

தூரத்திலிருந்து வந்தவர்களில் சிலர் பஸ் நேரம் ஒத்துவராமல் இடையில் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு எவ்வளவு விளங்கியிருந்தது என்று சொல்ல இயலாது.

அடுத்த வகுப்பில் மாற்றுவது

விரலும் அட்டவணையும் முதல் இஃபோடு சேர்ந்தே வரும். எழுதுவதற்கு முன் வாசிப்பு: சரியான நிரலொன்றும் பிழையான நிரலொன்றும் கொடுத்து, எது எதைத் தரும் என்று எழுதவைத்த பிறகுதான் விசைப்பலகை. இருவருக்கு ஒரு கணினி என்றால் விசைப்பலகையில் கை வைத்தவரே கடைசிவரை தட்டிக்கொண்டிருக்கிறார், மற்றவர் தலையாட்டுகிறார். அதனால் ஒவ்வொரு எல்லை எண்ணுக்கும் கை மாற வேண்டும் என்று விதி வைக்கப்போகிறோம்.

மின்பட்டியலை நிரலாக்கத்துக்கு முன்பே, தாளில் கிளைப்படமாக ஒருமுறை செய்யலாம் என்று ஆசிரியை சொல்கிறார்; நானும் உடன்படுகிறேன். வகுப்புத் தொடங்கும் வாரத்தில் நடைமுறையிலுள்ள விலைகளைப் பார்த்து மாறிகளைத் திருத்த வேண்டும்.

ஓம், ஆம் சிக்கலுக்கு இரண்டு வழி யோசித்திருக்கிறோம். "இன்" என்ற பைதன் சொல்லைக் கொடுத்து, பதில் இந்தச் சொற்பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கவைத்தால் பிழை வராது. ஆனால் "ஓர்" எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமலே போய்விடும். ஒரு மேசை வரிசைக்கு முதலில் இன், மற்ற வரிசைக்கு முதலில் ஓரின் இரு பக்கத்தையும் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பது என்று கொடுத்து, இரண்டு வாரம் கழித்து இரு வரிசையினருக்கும் ஒரே நிரலைத் தாளில் வாசிக்கக் கொடுப்பதாக இருக்கிறோம்.